மொட்டைமாடிக் கோழியும் கீழ்வீட்டு அங்கிளும்

இன்று பின்னேரம் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் மொட்டைமாடியில், என் தக்காளி, கத்தரித் தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோழி சுட்டுக்கொண்டிருந்தேன். கடற்காற்று புகையை நேரே கீழ்வீட்டு யன்னலுக்குள் கொண்டுபோனது.

அந்த வீட்டு அன்ரி மேலே ஏறி வந்தார். ஏச்சு வாங்கத் தயாரானேன்.

"புகை வருதோ அன்ரி? நெருப்பை அணைக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. எங்கட மனுசன் ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து ஒண்டும் வாயில வைக்கேல்லை. இப்பதான் என்ன வாசம் எண்டு கேட்டவர். உறைப்பில்லாம ஒரு துண்டு தருவீங்களோ?"

மிளகாய்த்தூள் பூசாத துண்டு ஒன்றுகூட இல்லை. தோலை உரித்து, உள்ளே இருந்த இறைச்சியை மட்டும் பிய்த்து, பழுத்த தக்காளி ஒன்றையும் வெட்டி வைத்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறைத்திருக்குமோ? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ? தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கே திரும்பவும் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

தட்டைத் திருப்பித் தர வந்த அன்ரியின் கண்கள் கலங்கியிருந்தன.

"பாதி சாப்பிட்டிட்டார். நாளைக்கும் சுடுவாவோ எண்டு கேக்கிறார்."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நாளை வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மரக்கறிதான். செடியில் இரண்டு கத்தரிக்காய் பறிக்கிற பருவத்தில் நிற்கின்றன. அவற்றைச் சுட்டுக் கொடுத்தால் அங்கிள் என்னோடு கதைப்பாரா?