நோட்டில் நான் போட்ட டிக்

என் கணவருக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அப்படிப்பட்டவர் முந்நூற்றுச் சொச்சம் பாட்டு சி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்றச் சொன்னது நான்தான். மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப் பிரசவம், எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். புதுக்கோட்டையில் எங்களுடையது இரண்டு அறை வீடு, அதில் ஒரு அறையை சி.டி. அலமாரி அடைத்துக்கொண்டிருந்தது. குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த வருஷங்களில், மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் கம்பளியும் வாங்கியபோது இவர் வாங்கிச் சேர்த்தவை. கச்சேரிகள், நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு.

“பாட்டு கம்ப்யூட்டர்ல இருந்தாப் போதாதாங்க? புள்ளையைத் தூளியில போட எடம் வேணும்ல” என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் எந்த சாஃப்ட்வேரில் ஏற்றுவது என்று முடிவுசெய்யவே இரண்டு வாரம் போனது.

கம்ப்யூட்டரோடு வந்தது ஒன்று இருந்தது. தட்டைப் போட்டால் நாலு நிமிஷத்தில் முடிந்தது என்று சொல்லிவிடும். எனக்கு அதைப் பிடித்திருந்தது. அவருக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

“கீறல் விழுந்த எடத்துல இதுனால படிக்க முடியாது. ஆனா சொல்லாது. முன்னப் பின்ன உள்ள சத்தத்தை வச்சு ஒட்டுப் போட்டுட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிரும்” என்றார்.

கடைசியில் அவர் எடுத்தது, பார்த்தாலே தலை சுற்றும் ஒன்றை. திரை முழுக்கப் பொடிப் பொடியாக எழுத்து. ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் திரும்பத் திரும்பப் படிக்கும். அதே சி.டி.யை உலகத்தில் வேறு யாராவது ஏற்றியிருந்தால், அவர்களுக்கு வந்ததோடும் ஒத்துப்பார்க்கும். எந்தப் பாட்டில் எந்த நொடியில் சந்தேகம் என்று கடைசியில் அறிக்கை கொடுக்கும். கீறல் விழுந்த தட்டு என்றால் ஒரு முழு மத்தியானம் போய்விடும். அவர் அசராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, அறிக்கையை வரி வரியாகப் படித்து, எல்லாம் சரி என்றால் மட்டும் நீள நோட்டில் அந்தத் தட்டின் பெயருக்கு நேராக ஒரு டிக் போடுவார். டிக் விழாத தட்டு வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய கட்டளை.

நூற்றுப் பத்துத் தட்டுகள் பாக்கி இருக்கும்போது இலுப்பூரில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் தவறிப்போனார். பிறந்த வீட்டுச் சீர் செய்ய இவர் ஒருவர்தான். கருமாதி முடியும்வரை அங்கேயே தங்கிவிட்டார். நான் சாவுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பினேன்.

“மிச்சத்தை நீ போட்டு வைக்கிறியா? பள்ளிக்கூட ஆபீஸ்ல இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பாத்தவ, ஒனக்குத் தெரியாததா” என்று போனில் சொன்னார். சாவு வீட்டில் இருந்துகொண்டு அவர் கேட்ட ஒரே உதவி அது.

முதல் நாள் அவர் சொன்னபடிதான் செய்தேன். மூன்று தட்டுகள் முடிந்தன. மூன்றாவது, ஒரே பாட்டில் ஒன்றரை மணி நேரம் முக்கியது. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரோடு வந்த அந்தப் பழையதைத் திறந்தேன். தட்டைப் போட வேண்டியது, எடுக்க வேண்டியது. சமைத்துக்கொண்டே முடித்தேன். சில தட்டுகளில் டிரைவ் கரகரவென்று இழுத்தது, காதில் விழாததுபோல் இருந்தேன். பிறகு நோட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். அவருடைய டிக் வால் நீண்டு மேலே ஏறி, நுனியில் கொஞ்சம் வளையும். அதேபோல் போட்டேன். அவர் செய்ததாகவே இருக்கட்டும் என்று ஏன் நினைத்தேனோ, இன்றைக்கும் தெரியவில்லை. உள்ளே ஏதோ உறுத்தியிருக்கிறது, அதனால்தான் கையெழுத்தை மாற்றியிருக்கிறேன்.

தட்டுகளை என் தம்பி மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனான். அவன் கடலைக் கொல்லையில் மயில் தொல்லை தாங்க முடியவில்லை. கயிற்றில் கோத்துக் குச்சிகளுக்கு நடுவே கட்டிவிட்டால் வெயிலில் பளிச்சிடும், மயில் கிட்டே வராது. ஒரே மாதத்தில் வெயிலில் வெளுத்து உரிந்துபோயின.

மகள் வந்தாள், பேத்தி பிறந்தாள். ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் சென்னைக்குப் போன பிறகுதான் அவர் நிதானமாகப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தார். நாலு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“இந்தா, இங்க வா. மேல் ஸ்தாயிக்குப் போறப்ப ஒரு எடம் விட்டுப்போகுது பாரு. ஒனக்குக் கேக்குதா?”

கேட்டேன். நாதஸ்வரம் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் விக்கியது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும் அந்த விக்கல். அவர் கையில் நோட்டு விரிந்திருந்தது. அந்தத் தட்டுக்கு நேராக டிக் இருந்தது. விக்குகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி அந்த டிக்குக்குத்தான் போகும்.

“எனக்கு நல்லாத்தானே கேக்குது” என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பாட்டை நிறுத்தினார். “எங்கப்பாவுக்கும் அறுவதுலதான் ஆரம்பிச்சுச்சு. சில சத்தம் மட்டும் கேக்காதும்பாரு” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு பாட்டில் அதேபோல் ஆனது. என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அதிலிருந்து அவருக்குத் தன் காதுமேல் நம்பிக்கை போய்விட்டது. மகள் போன் செய்தால் என்னிடம் நீட்டிவிடுவார். “நீயே பேசு, எனக்கு வெளங்காது” என்பார். பேத்தி வாய் திறந்து ஏதேதோ மழலை பேச ஆரம்பித்த நேரம் அது. மகள் போனைக் குழந்தை வாயருகே பிடிப்பாள். “அப்பாட்டக் குடும்மா, தாத்தாங்குற மாதிரியே சொல்றா” என்பாள். அவர் கையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். நான்கு மாதம் இப்படி. சோறு போடும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், ரசம் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். நான் ஒன்றும் கொலைகாரி இல்லை, ஆனால் அந்த நான்கு மாதமும் அப்படித்தான் வீட்டுக்குள் நடமாடினேன்.

மகள்தான் பிடிவாதமாக அவரைத் திருச்சிக்குக் காது டாக்டரிடம் போக வைத்தாள். சின்னக் கண்ணாடி அறையில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பரீட்சை எழுதும் பையன்போல் கண்ணை மூடிக்கொண்டு, விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்ததை வெளியிலிருந்து பார்த்தேன். வயதுக்குக் காது அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை, இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

திரும்பும்போது பஸ் கீரனூரில் நின்றது. “அந்த மெஷினுக்கு என்ன தெரியும், பாட்டு வேற” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சொன்னேன். பழைய சாஃப்ட்வேரில் ஏற்றியதை, டிக்கை, விக்கல் எனக்கும் கேட்டதை, எல்லாவற்றையும்.

பஸ் கிளம்பி வெகு தூரம் வந்த பிறகு, “எதெது நீ போட்டது?” என்று கேட்டார்.

“தெரியலங்க. ஒங்க டிக் மாதிரியே போட்டுட்டேன்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அப்போது என் பையில் போன் அடித்தது, மகள். நான் எடுப்பதற்குள் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் காதில் போனை வைப்பதைப் பார்க்கிறேன்.

“காது நல்லாருக்காம்மா. பாட்டை ஏத்துறப்ப நாந்தான் ஏதோ அவசரத்துல தப்பாப் பண்ணிட்டேன். ஆமா, நாந்தான்” என்றார். பிறகு குழந்தையைக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்துக்கு அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை என்னிடம் கொடுத்தார்.

மகள் சொன்னாள், “அம்மா, அப்பா பாவம்மா. இதை வச்சு நீ அவரத் திட்டிக்கிட்டே இருக்காத.”

திட்டலம்மா என்றேன்.