வலது முன் சக்கரத்தின் எடை

வேபர்ன் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவள் வில்மா ட்ராக்ஸ்லர். அதே அறையில் எதிர் மேஜையில் உட்கார்ந்து சோளத்தின் ஈரப்பதம் பார்க்கிறவன் நான். பதினான்கு வருஷமாக ஒரே ஜன்னல், ஒரே காபிப் பாத்திரம். அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று யாருக்காவது தோன்றினால், அந்த நாற்காலியில் ஒரு அறுவடைக்காலம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஐம்பத்தோரு வயது. கறார் பேர்வழி. எடை குறைகிறது என்று சண்டைக்கு வரும் விவசாயிகளிடம் குரலை உயர்த்த மாட்டாள். "மெஷின் சொல்றதை எழுத இங்க கட்டம் இருக்கு. உங்க மனசு சொல்றதை எழுத இடமில்லை. வண்டியை எடுங்க," என்பாள், அவ்வளவுதான். முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அடுத்த லோடுக்கும் இங்கேதான் வருவார்கள்.

இப்படிப்பட்டவள் தினமும் வேலைக்கு வருவது அறுபத்தொன்பதாம் வருஷத்து செவெல் காரில். இரண்டு கதவு, பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின். அவள் வந்து நிற்கும்போது என் மேஜையில் சோளம் குதிக்கும். வாரநாளில் அதுதான் மளிகைக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போகும்: நேராகக் கால் மைல், இரண்டிரண்டு காராக ஓட்டம், தோற்றவன் வீட்டுக்கு. அங்கே பழைய கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களின் ஓட்டத்துக்கு ஒரே விதி: நம்பர் பிளேட்டோடு சொந்தச் சக்கரத்தில் ரோட்டில் வரவேண்டும். எவனாவது ட்ரெய்லரில் ஏற்றி வந்தால், "பாவம், குழந்தைக்கு இன்னும் நடக்க வரலை," என்று வாசலிலேயே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

போன செப்டம்பரில் முடிவுக் கோட்டைத் தாண்டி பிரேக்கை மிதித்தவளை செவெல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலியில் சொருகியது. அடுத்த தடத்துக்காரன் இரண்டு கார் நீளம் பின்னால் வந்துகொண்டிருந்ததால் தப்பினான். வண்டிகளைச் சோதித்து அனுமதிச் சீட்டு ஒட்டும் ஆரின் பிக்ஸ்லர் அங்கேயே சீட்டைச் சுரண்டி எடுத்தார்.

"மே மாசம் முதல் ஞாயிறு எனக்கு முன்னால நேரா நிறுத்திக் காட்டு. இல்லேன்னா உன் பந்தய நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதே வில்மா, பக்கத்துத் தடத்துல வந்த அந்தப் பையனோட அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. இருபது வருஷமாக ஓட்டுகிறவளுடைய நம்பர்.

வண்டியை எப்போதும் பார்ப்பது அவளுடைய சித்தி மகன் லீலண்ட். சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான், கைக்குச் சமமாக வாயும் வைத்திருக்கிறான். வலது பிரேக் பிடிக்கவில்லை என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். குளிர்காலம் முழுக்க வலப்பக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றினான்: பேட், ஹோஸ், கடைசியில் காலிப்பர். ஒவ்வொரு முறையும் "இப்ப பாரு" என்பான். வண்டி இடப்பக்கமே போகும். மார்ச் கடைசியில் அவனுக்கு அலுத்துவிட்டது.

"வண்டில ஒண்ணும் இல்லை. உன் காலு மிதிக்கிற விதம்தான் சரியில்லை. இந்த வருஷம் நான் ஓட்டறேனே."

வில்மா சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடங்கின் முற்றம் காலியானதும் செவெலை நாற்பது மைல் வேகத்தில் ஓட்டி வந்து ஒரே மிதியாக மிதித்தாள். இறங்கிப் போய்த் தார்த்தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"எமெட், இங்க வா. என்ன தெரியுது?"

"கறுப்பா ஒரு கோடு."

"எந்தச் சக்கரத்துது?"

வலது முன் சக்கரத்துடையது. இடது சக்கரம் வந்த வழியில் கோடே இல்லை.

"பிரேக் பிடிக்காத சக்கரம் எப்படித் தேய்ச்சுக்கிட்டு வரும்? இதுதான் முதல்ல பிடிக்குது. பிடிச்சதும் வழுக்குது. இடது வழுக்காம நிக்குது, அதான் அந்தப் பக்கம் இழுக்குது. இது பிரேக் கோளாறே இல்லை. இந்தச் சக்கரத்து மேல எடை இல்லை."

சொல்லிவிட்டு எங்கள் எடைமேடையைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக இரண்டு பேரும் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல.

அவள் காரில் உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாக மேடை விளிம்பில் ஏற்றினாள். நான் உள்ளே இருந்து படித்தேன். இடது முன் சக்கரம் ஆயிரத்து நூற்று இருபது பவுண்டு. வலது முன் சக்கரம் தொள்ளாயிரம். பின்னால் அதற்கு நேர் எதிர்: வலதில்தான் பாரம் அதிகம். கால் உயரம் சரியில்லாத மேஜைபோல வண்டி இரண்டு மூலையில் நின்றுகொண்டிருந்தது.

வில்மா இறங்கி வந்து தாளைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"நான்தான்."

"என்ன நீதான்?"

"காத்துப் பை."

இந்தத் தவற்றை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. பச்சை விளக்கு எரிந்ததும் இன்ஜின் முறுக்கில் வண்டி கோணிக்கொண்டு வலப்பக்கம் திரும்பும். அதைத் தடுக்க வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் பை வைத்துக் காற்றடிப்போம். அது பாரத்தை மூலைவிட்டமாக இடது முன் சக்கரத்துக்குத் தள்ளி வலது முன் சக்கரத்தை லேசாக்கிவிடும் என்று எவனும் யோசிப்பதில்லை. கிளம்புவதைப் பற்றியே நினைக்கிறவர்களுக்கு நிற்பது ஞாபகம் வராது. போன கோடையில் இருபத்தைந்து பவுண்டு காற்று அடித்தவள் அவளேதான். அதற்கும் மேலே, கிளம்பும்போது வண்டியின் மூக்கு சுலபமாக எழும்பட்டும் என்று, வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் பிடிக்கும் முன்பக்கத்து ஸ்டெபிலைசர் கம்பியையும் கழற்றி வைத்திருந்தாள். முன் ஷாக் அப்சார்பர்களையும் தளர்த்தியிருந்தாள்.

ஏப்ரல் முழுக்க வேலை முடிந்ததும் அவளே செய்தாள். கம்பியைத் திரும்ப மாட்டினாள், ஷாக்கை இறுக்கினாள், பையில் ஐந்து பவுண்டு மட்டும் விட்டாள். மாற்றிய பிறகு முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டி ஸ்பிரிங்கை அமரவிட்டு மேடைக்கு வருவாள். நான் படிப்பேன், அவள் எழுதுவாள். கடைசியில் முன்னால் இடது ஆயிரத்து இருபது, வலது ஆயிரம். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் முந்திக்கொண்டு சுழலாமல் பூட்டிக்கொண்டன. அங்கே போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் திருகைக் கால் கால் திருப்பாகத் திருப்பினாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. "விட்டுத் தொலையேன்," என்று ஒருநாள் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையில் எடை படிக்க உள்ளே போய்விட்டேன்.

விஷயம் தெரிந்து லீலண்ட் வந்து சிரித்தான். "காத்தை எடுத்துட்டியா? கிளம்பும்போதே கோணிக்கிட்டுப் போவ. முதல் சுத்துலயே வீட்டுக்குத்தான்."

"போறேன். ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

மே முதல் ஞாயிறு. தடத்தின் கடைசியில், போன வருஷம் அவள் வேலியில் சொருகிய அதே இடப்பக்கத்தில் ஆரின் போய் நின்றார்.

"எழுபதுல வா. இந்தக் கோட்டுல மிதி. ரெண்டு கையையும் ஸ்டியரிங்கை விட்டு எடு."

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆரின்."

"நான் தள்ளி நின்னா உனக்கு எப்படிச் சீட்டுக் கொடுக்கறது?"

செவெல் வந்தது. கோட்டில் மூக்கு லேசாகக் குனிந்தது. கண்ணாடி வழியாக அவளுடைய இரண்டு உள்ளங்கையும் தெரிந்தன. வண்டி நூல் பிடித்தாற்போல் நேராக வந்து ஆரினைத் தாண்டி நின்றது. தரையில் டயர் தேய்ந்த கோடே இல்லை. அவர் முன் கண்ணாடியைத் துடைத்துச் சீட்டை ஒட்டினார்.

முதல் சுற்றில் லீலண்ட் சொன்னதுதான் நடந்தது. பச்சை விளக்கில் செவெல் வலப்பக்கம் கோணியது, அவள் காலைத் தளர்த்தி நேராக்குவதற்குள் பக்கத்துத் தடத்துக்காரன் போய்விட்டான். ஒரு கார் நீளத்தில் தோற்றாள். கோட்டைத் தாண்டி நேராக நிறுத்தினாள், திரும்பி எங்களிடம் வந்தாள். முகமெல்லாம் பல்.

லீலண்டுக்குத் தாங்கவில்லை. "தோத்துட்டு வந்து சிரிக்கிறியே, வெக்கமா இல்லை?"

வில்மா ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"லீலண்ட், போன வருஷம் வேலியில கிடந்தேனே, அந்த ஓட்டம் நான் ஜெயிச்சது."