தாருக்குள் மூன்று சைக்கிள் ரியூப்

தாருக்குள் றப்பர் கலப்பதென்றால் சைக்கிள் ரியூபை வெட்டிப் போட்டு, பருப்பு மாதிரி அவித்தால் போதும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். யுத்தத்தின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். எதையும் எதோடும் கலக்கலாம் என்ற துணிவு இன்னும் போகவில்லை.

உடுவிலில் எங்கள் வீட்டுக் கொங்கிறீற் கூரை ஒழுகியது. ஒழுக்குக்கு நேர் கீழே மனைவியின் பழைய பியானோ. அதில்தான் அவள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பியானோவின் கால்களைக் கறையான் தின்றுவிட்டது, நகர்த்தினால் சரிந்துவிடும். மாரிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

கூரை ஒழுக்குகளை அடைப்பதையே தொழிலாகச் செய்யும் மனைவியின் தம்பி தொலைபேசியில் சொன்னான்: “வெறும் தார் வெயிலுக்கு இளகும், பிறகு வெடிக்கும் அத்தான். றப்பர் மாதிரி ஒரு சாமான் கலந்தால்தான் இழுபட்டு நிக்கும். சனிக்கிழமை வாறன்.”

சனிக்கிழமை வரை ஏன்? மூன்று ரியூபை வெட்டி, கொதிக்கும் தாருக்குள் போட்டு ஒரு மணித்தியாலம் கிண்டினேன். கரையவில்லை. ஊதிப் பெருத்து, கணவாய் மீனின் கால்கள்போல் மிதந்தன. சூடு போதாதா, ரியூப் கூடிவிட்டதா, ஒன்றும் விளங்கவில்லை. இறக்கி ஆறவிட்டு, பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். இளகியது. மேலே பூசிவிட்டேன்.

காயவேயில்லை. நாலாம் நாள் ஏறிப் பார்த்தபோது செருப்பு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தாரும் சேர்ந்து இழுபட்டது. அவன் சொன்னது இதைத்தானோ என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகு கிழக்கே முகில் கறுத்தது. தார் கீழே இறங்கி, பியானோவின் வெள்ளைக் கட்டைகளும் கறுப்பாகிவிடும் என்று என் புத்தி சொன்னது. கீழே ஓடினேன்.

“இஞ்சருங்கோ, வீட்டுக்குள்ளை ஏன் குடை பிடிக்கிறியள்?” என்றாள் மனைவி.

“பியானோவுக்கு.”

“உங்களுக்கும் ஒரு வாளி வைக்கவோ? நெத்தியாலை வேர்வை ஒழுகுது.”

முகில் பெய்யாமலே போனது. மறுநாள் சனிக்கிழமை, மனைவியின் தம்பி வந்து மேலே ஏறினான்.

“என்ன அத்தான், உதுக்குள்ளை நூடில்ஸ் கிடக்கு?”

“றப்பர்.”

“ரியூப் உப்பிடிக் கரையாது அத்தான். அதுக்கெண்டு தனிச் சாமான் இருக்கு, மெசினிலை போட்டுக் கலக்கிறது. மண்ணெண்ணெயும் விட்டனீங்களோ?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“ஒரு போத்தல்.”

அவன் கீழே நின்ற தன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் முகிலைப் பார்த்தேன்.

இரண்டு நாள் நானும் அவனும் குந்தியிருந்து அதைச் சுரண்டி எடுத்தோம். தொழிற்சாலையில் அந்தச் சாமான் கலந்து வந்த தாரை அவன் பூசினான். ஒரு இரவில் இறுகிவிட்டது. அடுத்த கிழமை மழை பெய்தது. பியானோ நனையவில்லை.