வாசலை அடைத்த படகு

தரங்கம்பாடியில் மீன் விற்கும் ஜெயாவின் வாய்க்கு ஏலம் விடுகிறவரே அஞ்சுவார். அப்பேர்ப்பட்டவள் புருஷனிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் ஏழெட்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குள் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். முதல் அலை, புருஷன் காயாரோகணத்தின் புதுப் படகைத் தூக்கி வந்து வாசலில் குறுக்கே செருகிவிட்டது. வீட்டுக்கு ஒரே வாசல். ஜன்னலுக்கோ இரும்புக் கம்பி. திருடனுக்குப் பயந்து அவளே அடம்பிடித்துப் போட்டது. மூன்று வயது அபிநயாவைப் பரணில் ஏற்றிவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். மிதந்த பானை ஒன்று வந்து வந்து தோளில் இடித்தது. தண்ணீர் இடுப்புக்கு வடிந்தபோது வெளியே அவர் குரல் கேட்டது.

"ஜெயா! இருக்கியா?"

"இருக்கோம்ங்க! கொல்லைச் சுவத்துல கோடாலி கெடக்கா பாருங்க! படகை வெட்டுங்க!"

"கோடாலி இருக்கு. இரு, தள்ளிப் பாக்குறேன்."

பத்துப் பேர் இழுக்க வேண்டிய படகைத் தனி ஆளாகத் தள்ளினார். "அடுத்த அலை வருது, ஓடுங்க!" என்று தெருவில் யாரோ அலறினார்கள். அப்போதும் தள்ளினார். படகைத் தொட்டுக் கும்பிடாமல் அதில் அவர் கால் வைத்ததில்லை. அதன் முகப்பில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவளே ஜெயாதான். அதனால் அவர் கை ஏன் கோடாலியை ஓங்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது. படகு பெருசா, நாங்க பெருசா என்ற கேள்வி தொண்டைக்கு வந்தபோது முதல் வெட்டு விழுந்தது.

படகில் வெட்டிய பொத்தல் வழியே குழந்தையை நீட்டிவிட்டு, விலா கிழியத் தானும் வெளியே வந்தாள். அவர்கள் கோயில் மதிலில் ஏறியதும் அடுத்த அலை வீட்டையும் படகையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது.

நிவாரணத்தில் வேறு வீடு வந்தது, வேறு படகும் வந்தது. அந்த வீட்டுக் கதவை ஜெயா தாழிட்டதே இல்லை. காயாரோகணமோ படகில் எப்போதும் ஒரு கோடாலி வைத்திருந்தார். "மீன் புடிக்கப் போறியா, மரம் வெட்டப் போறியா?" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் காலையைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பங்குனி மத்தியானம் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடியும் கடலடி நிலம் குலுங்கியது. இங்கே அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. சுனாமி எச்சரிக்கை, பின்னதிர்வும் வரும் என்றது டிவி. அபிநயா பள்ளிக்கூடத்தாரோடு போய்விட்டாள். தெருவே கடலைவிட்டு மேற்கே பொறையார்ப் பக்கம் ஓடியது. கதவு விரியத் திறந்து கிடந்தும் ஜெயாவுக்குக் கால் எழவில்லை. பழைய தண்ணீர் கழுத்துவரை ஏறி நிற்பதுபோல் மூச்சு முட்டியது. அவர் கரையில் படகை மேலேற்றிக்கொண்டிருப்பார், வேறென்ன செய்வார் என்று வாசல் நிலையைப் பிடித்தபடி மனம் கசந்தாள்.

காயாரோகணம் இரைக்க இரைக்க ஓடி வந்தார். கையில் கோடாலி. திறந்து கிடந்த கதவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"படகு?" என்றாள்.

"தண்ணியிலதான் கெடக்கு. போனா போவுது, நீ வா."

ஜெயா ஓவென்று அழுதாள். "கயிறுகூடவா கட்டாம வந்தீங்க, கூறுகெட்ட மனுஷா!" என்று திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.