கருடனுக்குப் போட்ட கும்பிடு

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் கழிந்திருக்கும். ஒரு மாசி மாதக் காலை, எண்ணூர். நிலக்கரி யார்டு ஒன்றின் விளக்குக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே என் தோஸ்து, தண்டையார்பேட்டை பாய் ஒருவர். கரித்தூள் பறக்கிற அந்தப் பக்கத்தில் காக்காயைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. கருடனெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றுதான் எங்கள் ஏரியாவில் பேச்சு.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக் கம்பிக்கு மாறுவதற்காகப் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினேன். நிமிர்ந்தால், கைக்கெட்டும் தூரத்தில் சுள்ளியும் அறுந்த மீன்வலையுமாக ஒரு கூடு. அதன் விளிம்பில் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகச் சாட்சாத் கருடன்!

சின்ன வயதிலிருந்து பழகிய கைகள். என்னைக் கேட்காமலேயே கம்பியை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டன. அதோடு கால் வழுக்கியது.

விழுந்த வேகத்தில் ஒரு முழங்கை குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கால் இரண்டும் அந்தரத்தில். போதாக்குறைக்குக் கருடன் கத்திக்கொண்டு என் தலையில் பாய்ந்தது. கூட்டில் குஞ்சு இருந்திருக்கிறது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. செத்தோம் என்றே நினைத்தேன். அந்தப் பயத்திலும் இன்னொரு கை மறுபடி கும்பிடத்தான் போனது என்றால் நம்புவீர்களா?

"டேய் மாமு, கம்பியப் புடிடா! கும்புடு அப்பால போட்டுக்கலாம்!" கீழிருந்து பாய் கத்தினார்.

"கை வழுக்குது பாய்!"

"வுடாத! தோ, வந்துகினே கீறேன்!"

வந்தார். என் காலைத் தன் தோளில் தாங்கி, கொக்கியைக் கம்பியில் மாட்டினார். அவர் முதுகிலும் நகம் பதிந்தது. நாங்கள் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் பறவை கூட்டுக்குத் திரும்பியது.

தரைக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். கூட்டைக் கலைத்துவிட்டு வேலையை முடிக்கச் சொன்னார் மேஸ்திரி.

"குஞ்சு பறக்கட்டும், அப்பால அடிக்கிறோம்" என்றார் பாய். நானும் தலையாட்டினேன். கருணையெல்லாம் இல்லை, சுத்தமான பயம்.

குஞ்சு பறந்த பிறகுதான் போய் முடித்தோம். அடுத்த வருடம் அதே கோபுரத்தில் மறுபடியும் கூடு. பிறகு காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போதும் தலைக்கு மேலே ஒன்றிரண்டு வட்டமடிக்க ஆரம்பித்தன.

இன்றும் கருடனைப் பார்த்தால் கை முதலில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடும், பிறகுதான் கன்னத்துக்குப் போகும். ஆனால் என் கும்பிடு அதற்கு எதற்கு, அன்றைக்குக் கூட்டைக் கலைக்காமல் நான் கீழே இறங்கியதே போதும் என்று தோன்றும்.