துணை தேடி வரும் பிணங்கள்

இப்போது பிள்ளைகள் ஜாம்பி என்கிறார்கள். தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொணப்படம். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வீடியோ டெக் வாடகைக்கு வரும். பெரியவர்களுக்கு ஒரு தமிழ்ப்படம், எங்களுக்கு ஒரு பொணப்படம் என்று பேச்சு. ஆனால் பொணப்படம் ஓடும்போது ஒரு பெரியவரும் எழுந்து போனதில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அப்பளத் தட்டோடு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கல்லறையைப் பிளந்துகொண்டு கை வெளியே வந்ததும் "வந்துடுத்து, வந்துடுத்து" என்று கைதட்டுவாள். இங்கிலீஷ் புரிய வேண்டிய அவசியமே இல்லை. செத்தவன் நடக்கிறான், உயிரோடு இருக்கிறவன் ஓடுகிறான், அவ்வளவுதான். நொண்டி நொண்டி வருகிற பிணத்திடம் எப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்களோ என்று அண்ணா ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொள்வான். அடுத்த தடவை காசெட் எடுத்துவர முதலில் கிளம்புவதும் அவன்தான்.

அண்ணாவுக்குக் கல்யாணமான மறு வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா மாரடைப்பில் போனார். அழுது முடிப்பதற்குள் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். சனிப் பொணம் தனியாப் போகாதாம், துணைக்கு இன்னொருவரை இழுக்குமாம். கோழி கட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதால் பாடையில் ஒரு தேங்காயைக் கட்டி அனுப்பினார்கள். தேங்காய்தான் துணை. கட்டியவர் என்ன அவசரத்தில் கட்டினாரோ, கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அது அவிழ்ந்து சாக்கடையில் விழுந்துவிட்டது. எடுக்க யாரும் குனியவில்லை. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன அண்ணா திரும்பிப் பார்க்கக் கூடாது, விழுந்த சத்தம் மட்டும் கேட்டதாம். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு அவனே எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் எல்லார் கண்ணும் அம்மாவின் மேல்தான். துணை கிடைக்காத பிணம் வேறு யாரைத் தேடும்? பதின்மூன்றாம் நாள் சாப்பிட்ட கை காய்வதற்குள் அத்தை தி.நகரில் தன் வீட்டுக்கு மூட்டை கட்டினாள். மன்னி உண்டாகியிருந்தாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அண்ணா அவளைக் கூட்டிக்கொண்டு அடையாறில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்கள் கண்ணுக்குப் பட்டப்பகலில் என் அம்மா பேயாகத் தெரிந்தாள். முகம் தெரியாத வெள்ளைக்காரப் பிணத்துக்குக் கைதட்டிய அத்தை, கூடப் பிறந்தவன் என்றதும் ஓட்டம் பிடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் ஆறவில்லை.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஒரு மத்தியானம் கேபிளில் பொணப்படம் ஓடியது. பதறிப்போய் அணைக்க எழுந்தேன்.

"இருக்கட்டும்டி" என்றாள் அம்மா.

கடைசிவரை கண் எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும், "எவ்வளவு மெதுவா நடந்தாலும் விடாம தேடிண்டு வரதே" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை, பொறாமை இருந்தது. இந்தப் படங்கள் ஏன் அலுப்பதேயில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உயிரோடு இருக்கிற எவன் நம்மை அப்படித் தேடி வருகிறான்?

அடுத்த வாரம் அத்தை வந்தாள். யாரோ ஜோசியரிடம் கேட்டாளாம். வாசப்படியைத் தாண்டவில்லை.

"ஆறு மாசம் ஆத்தைப் பூட்டிண்டு வேற எங்கயாவது போய் இரு. இங்க இருந்தா அவன் உன்னைத் தேடிண்டு வருவான்."

"எங்க போறது அக்கா?"

தி.நகரில் அத்தைக்கு மூன்று படுக்கையறை வீடு. வா என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி தினம் சாயங்காலம் பீச்சுக்குப் போவார். கல்யாணமான நாள்லேர்ந்து ஒருநாள்கூட நீயும் வாடின்னு கூப்பிட்டதில்லை. இப்போ என்னைத் தேடிண்டு வருவார்ங்கறேள். நானும் அவர் போன அன்னிலேர்ந்து வாசக்கதவைத் தாப்பாப் போடாமத்தான் படுத்துக்கறேன், அக்கா. இன்னும் காணோம்."