காக்கை தூக்கிப் போன மாவு

எங்கள் மலை ஊர் ஐன் தூத்தில் இடத்தை விட்டு அசையாதவை இரண்டு என்பார்கள். ஒன்று, ஊருக்கு மேலே நிற்கும் ரோமர் காலத்துக் கோயில். இன்னொன்று, அந்தக் கோயில் காவலாளியின் பெண்டாட்டி, அதாவது என் அண்ணி ஹிலானே. கோயிலாவது ஏதோ ஒரு நிலநடுக்கத்தில் நாலு தூணைக் கீழே போட்டிருக்கிறது. அண்ணி முப்பத்தேழு வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. இந்தக் கேலியை ஊரில் முதலில் ஆரம்பித்து வைத்தவள் நான்தான். என் வாய் அப்படி.

நான் ராகீல். காவலாளி தன்னூஸின் தங்கை. அவர்கள் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. அங்கே பாத்திரம் விழுந்தால் இங்கே நான் திட்டுவேன். அப்படி ஒட்டிக்கொண்டு வாழ்ந்தும் அவளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பனிக்காலம் வந்தால் ஊரில் பாதிப் பேர் கடற்கரைப் பக்கம் இறங்கிவிடுவோம். அண்ணி மட்டும் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டு இங்கேயே கிடப்பாள். அவள் பிறந்த ஊர் பக்தூனா, பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே. கோயில் படியில் நின்றால் அவள் அம்மா வீட்டு ஜன்னல் தெரியும். ஆனால் ஜீப் ஆற்றுக்கு இறங்கி ஏறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். காலையில் போவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். அவள் அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அப்படித்தான்.

"ஒரு ராத்திரி கூடத்தான் இருந்துட்டு வாயேன் அண்ணி. பெத்தவ இல்லையா?" என்று கேட்டேன்.

"வீடு இருக்கே, ராகீல்."

"வீடு எங்க ஓடிப்போகப் போவுது? கல்லு மனசுடி அம்மா உனக்கு!"

தினமும் சாயங்காலம் அண்ணனுக்குக் காபி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவாள். அன்றைக்கும் அந்தப் படியில் உட்கார்ந்து எதிர் மலையில் அம்மா ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்தூனா தேவாலயத்தில் சாவு மணி அடித்தது. அண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போதும் ஊர் பேசியது, "புருஷன்மேல அவ்வளவு மோகமா, பெத்த தாய்க்குக்கூட ஒரு ராத்திரி ஒதுக்க முடியலையே" என்று. ஊர் என்றால் நானும்தான்.

அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை வேறு. "என்னை விட்டுட்டு அவளால இருக்க முடியாது" என்று அரக் உள்ளே போனால் எல்லோரிடமும் சொல்வான்.

அவளிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு. எங்களுக்கு ஜனவரியில் ஞானஸ்நானத் திருநாள். அன்று கோதுமை மாவை வெறும் தண்ணீரில் பிசைந்து துணியில் கட்டி மரத்தில் தொங்கவிடுவோம். ஆண்டவர் அந்த வழியே போகும்போது அதை ஆசீர்வதிப்பார், மாவு தானாக உப்பும். பழைய புளித்த மாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, வருஷம் முழுக்க இந்தப் புது மாவைத்தான் ரொட்டிக்கு உறையாக வைத்துக்கொள்வோம். அண்ணி மட்டும் பழையதைத் தூக்கி எறிய மாட்டாள். புதியதை அதோடு சேர்த்துப் பிசைவாள். "கைப்பிடி மாவுக்குக்கூடக் கஞ்சத்தனமா?" என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சிரித்துக்கொண்டே அந்த மண்கிண்ணத்தைத் துணியால் மூடி வைப்பாள். ஆனால் அவள் சுடுகிற ரொட்டி மாதிரி எங்கள் மலையில் எந்த வீட்டிலும் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன செப்டம்பரில் அவள் மகன் சர்கீஸுக்குக் கல்யாணம். பெண் நோஹா, கடற்கரை ஊரான பத்ரூன்காரி, நல்ல பிள்ளை. எங்கள் வழக்கப்படி மருமகள் முதன்முதலாக வீட்டுக்குள் நுழையும்போது ஒரு உருண்டை புளித்த மாவை அத்தி இலையில் வைத்து வாசலின் மேல்கல்லில் அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டினால் அந்தக் குடித்தனமும் ஒட்டும். விழுந்தால்... விழுந்தால் என்ன என்று யாரும் வாயால் சொல்ல மாட்டோம்.

எங்கள் ஊரில் கோயில் கல் இல்லாத வீடே கிடையாது. எங்கள் பாட்டன்மார்கள் விழுந்த தூணை உருட்டிக்கொண்டு வந்தார்கள், படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலுக்கு மேலே இருப்பதுதான் எல்லாவற்றிலும் அழகான கல். நடுவில் ஒரு பெண் முகம், இரண்டு பக்கமும் திராட்சைக் குலை. எங்களுக்கு அவள் புனித தக்லா. ஒருமுறை தொல்பொருள் இலாகா ஆள் வந்து அளந்து படம் எடுத்துவிட்டு, "இது புனிதை இல்லம்மா, ரோமர்களோட தேவதை" என்றார். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். "இருக்கட்டும் தம்பி, இத்தனை வருஷமா எங்க தேவாலய மணியைக் கேட்டுக்கிட்டிருக்கா, இந்நேரம் அவளும் ஞானஸ்நானம் வாங்கியிருப்பா" என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அண்ணி ஒரு குண்டைப் போட்டாள். "நோஹா முன்வாசல் வழியா வர வேண்டாம். அடுப்படி வாசல்ல மாவை ஒட்டட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "என்னது? எங்க வீட்டு மருமக கோழிக்கூட்டுப் பக்கமா நுழையணுமா? அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க காறித் துப்ப மாட்டாங்க?"

"அந்த வாசல் மரம், ராகீல். நல்லா ஒட்டும்."

"கல்லுல ஒட்டாதா? நீ ஒட்டலையா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. "உன் மாவைத்தான் காக்கா தூக்கிட்டுப் போச்சுல்ல, அது மாதிரி இதையும் தூக்கிட்டுப் போனா இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் கல்யாணத்தன்று மாவை ஒட்டினதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், குலவை போட்டோம். சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் மாவைக் காணோம். புதுப்பெண் வாசலில் நின்றிருந்தாள். "காக்கா கொத்திட்டுப் போயிடுச்சு" என்றாள். என் அம்மாவும் "பறவைக்குப் பங்கு கொடுத்த வீடு, நிறைஞ்சு இருக்கும்" என்று சந்தோஷப்பட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாண நாள் விடியற்காலை. ஊர் எழுந்திருக்கவில்லை. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் சாத்தி, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறினேன். தேவாலய விளக்கு எண்ணெய். பாதிரியாரைக் கேட்டு எடுத்தது இல்லை. தக்லாவின் நெற்றி, கன்னம், திராட்சைக் குலை எல்லாவற்றிலும் விரலால் பூசிக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் கேட்டது.

"என்னடி பண்றே?"

அண்ணி. கையில் சாம்பல் வாளி.

"பாத்தா தெரியலையா? புனிதைக்கு எண்ணெய் பூசுறேன். வர்ற பொண்ணை ஆசீர்வதிக்கட்டும்னு."

"இது... எப்பலேருந்து?"

"உனக்கும்தான் பூசினேன். அப்ப எனக்குப் பதினாலு வயசு. நீ அழகா இருக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணி வரப்போறான்னு. விளக்கு எண்ணெயைத் திருடிட்டேன். அம்மா அடிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. இப்ப மட்டும் என்ன, பாதிரியார் அடிப்பாரு, போ."

வாளி அவள் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ அழுவுறான்னு நினைச்சேன்" என்றாள். "மூஞ்சி பளபளன்னு ஈரமா இருந்துச்சு. நான் வரக் கூடாதுன்னு தக்லா அழுவுறா, அதான் என் மாவைக் கீழ தள்ளிட்டான்னு நினைச்சேன்."

"காக்கா...?"

"காக்காவும் இல்ல, குருவியும் இல்ல. எங்க அம்மாவை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். என் கண்ணு முன்னாடியே வழுக்கிக்கிட்டு வந்து விழுந்துச்சு. எடுத்துச் சட்டைக் கைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எண்ணெய் பூசினால் மாவு எப்படி ஒட்டும்? ரொட்டி சுடுகிற எந்தப் பொம்பளைக்கும் தெரிந்த விஷயம். பதினாலு வயசுக் கழுதைக்குத் தெரியவில்லை. ஐம்பத்தொரு வயசுக் கழுதைக்கும் தெரியவில்லை.

"அந்த மாவை என்ன பண்ணினே?"

"மறுநாள் அத்தை என்னை ரொட்டி சுடச் சொன்னாங்க. அதை உறையாப் போட்டுப் பிசைஞ்சேன். ஒரு பிடி எடுத்து வச்சேன். அடுத்த தடவையும் ஒரு பிடி. வாசல்ல நிக்கலைன்னா பரவாயில்ல, அடுப்படியில உயிரோட இருந்தாப் போதும், குடும்பம் நிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தினமும் ராத்திரி அதுக்கு மாவும் தண்ணியும் விட்டு, துணி போத்தணும். யாரை நம்பி விட்டுட்டுப் போறது, சொல்லு? ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதேன். அவள் அம்மா, அந்த ஜன்னல், நான் சொன்ன 'கல்லு மனசு', எல்லாம் சேர்ந்து வந்தது. "என்னை அடிச்சுடு அண்ணி, நாலு அறை அறைஞ்சுடு" என்றேன்.

அவள் வெகு நேரம் அந்தக் கல்லையே பார்த்தாள். பிறகு, யார் நம்புவீர்கள், அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரிக்கிறாள்.

"எழுந்திருடி. அழுதா எண்ணெய் போயிடுமா? சாம்பலை அள்ளு. தேய்ப்போம்."

நாங்கள் இரண்டு பேரும் சாம்பலும் வெந்நீரும் போட்டு அந்தத் தேவதையின் மூஞ்சியை அப்படித் தேய்த்தோம். ரோமர்கள் செதுக்கின நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக அவள் இருந்திருக்க மாட்டாள். மத்தியானம் நோஹா முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். அண்ணி தன் கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தாள். நோஹா ஓங்கி அடித்தாள். நான் குலவை போடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணியின் கையைப் பிடித்திருந்தேன். சாப்பாடு முடிந்து, ஆட்டம் முடிந்து, எல்லோரும் போன பிறகும் மாவு அங்கேயே இருந்தது.

அடுத்த வாரம் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பை. இன்னொரு கையில் மண்கிண்ணம்.

"பக்தூனாவுக்குப் போறேன். மூணு ராத்திரி இருப்பேன். இந்தா. நீதானே விழ வச்சே, நீயே பாத்துக்கோ."

என் சொந்தப் பிள்ளைகளைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. மூன்று நாளும் அடுப்படியை விட்டு நகரவில்லை. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் அது பயந்துபோய் உப்பாமல் இருந்துவிடுமோ என்றுகூடத் தோன்றியது. அண்ணன் ஒவ்வொரு சாயங்காலமும் கோயில் படியில் உட்கார்ந்து எதிர் மலை ஜன்னலைப் பார்த்தான். காபி கொண்டு போனது நான். விஷயத்தை அண்ணியே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமும் என்மேல இருக்குற ஆசையில இல்லையா, ராகீல்?" என்று கேட்டான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அட மடையா அண்ணே! ஆசை இல்லாதவ எதுக்கு முப்பத்தேழு வருஷம் ஒரு பிடி மாவுக்குக் காவல் கிடக்குறா?"

காபி ஆறிப்போகும் வரை அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் ஜீப் சத்தம் கேட்டது. அண்ணி நேராக என் அடுப்படிக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. கிண்ணத்துத் துணியை விலக்கி முகர்ந்து பார்த்தாள். ஒரு விரலால் அழுத்தினாள். மாவு மெல்ல எழும்பி வந்தது.

"நல்லா பாத்துக்கிட்டிருக்கே" என்றாள்.

"நீ? நீ நல்லா இருந்தியா அண்ணி?"

"அம்மா கட்டில்ல தூங்கினேன்டி" என்றாள். "மூணு ராத்திரியும்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகவில்லை. அதிலிருந்து பாதியைக் கிள்ளி என் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.